முதுகுத் தண்ணீரும் ஒலிவ எண்ணெயும்

ஜூன் 4, ஞாயிறு

இன்றும் ஜெப வேளையில் அத்தான் தலை குனியவில்லை. சபை முழுக்கத் தலை கவிழ்ந்திருக்க, இவர் மட்டும் கோயில் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், கட்டிடத்தின் உறுதியைச் சோதிக்க வந்த இன்ஜினீயர் மாதிரி. நான் கண்ணை மூடியிருந்தால் எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்க வேண்டாம். விழுந்துவிடுவாரோ என்று நானும் ஆண்கள் பக்கம் அவரை ஒட்டித்தான் நிற்கிறேன். ஒரு கண் திறந்துதான் இருக்கும்.

எங்கள் போதகர் ஐயர் இன்று பெருமையைப் பற்றிப் பிரசங்கித்தார். யாரை நினைத்துச் சொன்னார் என்று தெரியாது. ஒன்பது பேர் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். எண்ணினேன்.

முப்பத்திரண்டு வருஷம் டிரில் மாஸ்டராக இருந்தவர் என் வீட்டுக்காரர். ஐசக் சாமிதுரை சாரின் விசில் கேட்டால் பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்கு இன்றும் முதுகு நிமிரும். "கீழ பாத்து நடலே" என்று ஊருக்கே சொன்னவர் இப்போது படி இறங்கும்போது படியைப் பார்ப்பதில்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்ப்பதில்லை. ரசத்தில் பாதி மடிக்குத்தான். சட்டை துவைக்கிறவளுக்குத் தெரியும் எந்தப் பெருமை எங்கே சிந்துகிறது என்று.

மாலை 6.10. குளியலறை வாசல். விழுந்தார். பின்பக்கம். இத்துடன் 31. நீள நோட்டில் ஏற்றியாயிற்று. தேதி, நேரம், இடம், எந்தப் பக்கம் என்று நாலு கட்டம். பால் கணக்கு எழுதிய நோட்டுதான், பின்னாலிருந்து இது.

ஜூன் 7, புதன்

பார்க்கின்சன் என்று சொல்லி மாத்திரை கொடுத்து இன்றோடு தொண்ணூறு நாள். நாளொன்றுக்கு மூன்று. தவறியது நான்கு. ஆக 266 மாத்திரை. நடை லேசாகும் என்றார்கள். லேசானது மாத்திரை டப்பா மட்டும்தான். வாந்தி, நோட்டில் இருக்கிறது, 58.

ரோஸ்லின் மைனி வந்தார். அத்தானின் அக்கா. பெண்கள் உபவாச ஜெபக் குழுவுக்குத் தலைவி. கைப்பையில் எப்போதும் ஜெபித்த ஒலிவ எண்ணெய் ஒரு குப்பி இருக்கும். போன மாதம் ஓடாமல் நின்ற என் மிக்ஸிக்கும் பூசினார். மிக்ஸி ஓடியது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

தம்பியின் நெற்றியில் பூசிவிட்டு, "விசுவாசம் பத்தலட்டி உனக்கு" என்றார் என்னிடம். நான் வாந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 13, செவ்வாய்

புது நரம்பு டாக்டரைப் பார்த்தோம். அங்கயற்கண்ணி. மதுரைக்காரர். என் மகள் வயது இருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால்.

ஒரு பேனாவைத் தூக்கிப் பிடித்து, "தலையை ஆட்டாம இதையே பாருங்க சார்" என்றார். பேனா மேலே போனது, பக்கவாட்டில் போனது, கீழே இறங்கியது. மூன்று தடவையும் அத்தானின் கண் கீழே இறங்கவில்லை. டாக்டரின் நெற்றிப் பொட்டிலேயே நின்றுவிட்டது. பொட்டு நன்றாகத்தான் இருந்தது. அதற்காக மூன்று தடவையா?

"விழுறாரா அம்மா?"

"அப்பப்போ."

"எந்தப் பக்கம்?"

"கவனிக்கல டாக்டர்."

"எத்தனை தடவைன்னு கணக்கு ஏதும் வச்சிருக்கீங்களா?"

"இல்ல" என்றேன். நோட்டு என் கைப்பையில்தான் இருந்தது. வீட்டுக் கணக்கை எல்லாம் வெளியாளிடம் காட்டுவது நல்ல குடும்பத்துக்கு வழக்கமில்லை.

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "இறுக்கம், மெதுவான நடை, முகத்துல அசைவு இல்லாம போறது, வெளிய பாத்தா எல்லாம் ஒண்ணு மாதிரி இருக்கும். உள்ள வேற வேற வியாதி. பார்க்கின்சன்னா மாத்திரை கேட்கும், பல வருஷம் ஓட்டலாம். மாத்திரை கேட்காத ஜாதி ஒண்ணு ரெண்டு இருக்கு. அது கொஞ்சம் வேகமா போகும். முதுகுத்தண்டுல ஊசி போட்டு உள்ள இருக்கிற தண்ணியை எடுத்து பெங்களூர் ஆராய்ச்சிக் கூடத்துக்கு அனுப்பினா, எதுன்னு பிரிச்சுப் பாக்க உதவும். அது மட்டுமே முடிவு இல்ல. நான் பாக்குறதுக்கு அது ஒரு சாட்சி."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறோம்?" என்றேன்.

"வேற வியாதின்னா இந்த மாத்திரையைக் குறைச்சிடலாம், வாந்தி நிக்கும். விழுங்குறதுக்குப் பயிற்சி இப்பவே ஆரம்பிக்கணும். இல்லன்னா ஒருநாள் சோறு மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்."

அத்தான் பேச ஆரம்பித்தார். இப்போதெல்லாம் ஒரு வாக்கியம் வந்து சேர நேரமாகும். டாக்டர் காத்திருந்தார். அதற்காகவே அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

"எனக்குத் தெரியணும் டாக்டர். விசில் எப்பம் அடிப்பாவன்னு தெரியாம… எப்படி ஆடுதது?"

ஊசிக்கு ஜூன் 23 தேதி கொடுத்தார்கள்.

ஜூன் 14, புதன்

நான் ஒன்பதாம் வகுப்பு. இங்கிலீஷை, தமிழ் வேதாகமத்தையும் இங்கிலீஷ் வேதாகமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் கற்றேன். அதனால் தீர்க்கதரிசிகளோடு சரளமாகப் பேசுவேன். ஆஸ்பத்திரிக் காகிதத்துக்குத்தான் அகராதி வேண்டும். இன்று போனும் அகராதியுமாக உட்கார்ந்து புரிந்துகொண்டது:

அந்தத் தண்ணீரில் இரண்டு விஷயம் பார்க்கிறார்கள். முதலாவது நரம்பு நார். தறியில் நூல் தேயத் தேயக் கீழே பிசிறு சேரும் அல்லவா, அப்படி நரம்பு நையும்போது அதன் பிசிறு தண்ணீரில் சேருமாம். பார்க்கின்சனில் பிசிறு கொஞ்சம். மற்ற ஜாதியில் நிறைய.

இன்னொன்று, சுருக்கமாகச் சொன்னால், தயிர். மூளையில் ஒரு புரதம் இருக்கிறது. பார்க்கின்சனில் அது கோணிக்கொள்ளும். கோணியது பக்கத்தில் இருக்கும் நல்லதையும் கோண வைக்கும் (எங்கள் சபைக் கமிட்டி மாதிரி). ஆய்வகத்தில் நல்ல புரதத்தை வைத்துக்கொண்டு, அதில் இவருடைய தண்ணீரைச் சொட்டு விட்டுக் காத்திருப்பார்கள். தயிர் தோய்ந்தால் பார்க்கின்சன். பால் பாலாகவே இருந்தால் பெரும்பாலும் மற்றது. நாற்பது வருஷமாகத் தினமும் உறை ஊற்றுகிறேன். இதற்கு இவ்வளவு பெரிய பட்டம் கொடுப்பார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆகவே இன்றைய விண்ணப்பம்: ஆண்டவரே, தயிர் தோயட்டும். இந்த வியாதியைத் தாரும் என்று உம்மிடம் கேட்டவர்கள் எனக்கு முன்னால் யாராவது உண்டா என்று தெரியவில்லை.

அந்த மற்ற ஜாதியைப் பற்றியும் ஒரு பக்கம் இருந்தது. 'தொடக்கத்திலேயே பின்பக்கமாக விழுவார்கள். கண் கீழே இறங்காது.' அதற்கு மேல் படிக்கவில்லை. போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

கணக்கு கணக்குதான். சார்ஜ் 62 இருந்தது.

ஜூன் 18, ஞாயிறு

இன்று விழவில்லை. ஸ்தோத்திரம்.

மாலை 5.40: அவசரப்பட்டுவிட்டேன். 34.

ஜூன் 23, வெள்ளி

காலை 9.30க்கு ஊசி. அத்தானை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் குறுக்கச் சொன்னார்கள். இறுகிப்போன உடம்பு, குறுக எங்கே போகும்? நானும் நர்சும் சேர்ந்து மடக்கினோம். ஒரு சத்தம் போடவில்லை. என் கையை மட்டும் பிடித்திருந்தார். வளையல் ஒன்று நெளிந்தது. தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பளிங்கு மாதிரி, இரண்டு ஸ்பூன். இத்தனை கலகத்தையும் உள்ளே வைத்துக்கொண்டு அது பார்க்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது.

பிளாஸ்டிக் குழாயில் அடைத்து, பேனாவால் பெயரும் எண்ணும் எழுதி ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். கொண்டுபோகும் ஆள் இன்று வரவில்லை. "ஜங்ஷன்ல கூரியர் ஆபீஸ்ல மூணு மணிக்குள்ள குடுத்துருங்கம்மா. நேரா போங்க" என்றார் நர்ஸ். அத்தான் நாலு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டுமாம்.

நேராகத்தான் போனேன். ஆதார் நகல் வேண்டும் என்பதால் வழியில் வீட்டில் இறங்கினேன். இன்று உபவாச ஜெபம் என் வீட்டு முறை. சாவி மைனியிடம் இருந்தது. உள்ளே பதினான்கு பேர்.

"ஏ கிருபை, பெட்டியில என்னது?" என்றார் மைனி.

"அத்தானுக்க முதுகுத் தண்ணி, மைனி."

"அப்பம் அதுக்கும் ஜெபிக்கணும்லா! நடுவுல வை."

டீப்பாயில் வைத்தேன். மணி 12.20.

"எக்கா, என்னன்னு ஜெபிக்கணும்? நல்லாத் தெரிஞ்சு ஜெபிச்சாத்தான கேக்கும்" என்றாள் எதிர்வீட்டுப் பொன்மணி. நியாயமான கேள்வி. தயிர் விவரத்தைச் சொன்னேன். பதினான்கு பெண்கள் பெட்டியின் மேல் கை வைத்து, "பெங்களூர்ல தோயட்டும் ஆண்டவரே, தோயட்டும்" என்று கண்ணீரோடு கதறினார்கள். பக்கத்து வீட்டில் எங்களைப் பால் பண்ணை என்று நினைத்திருப்பார்கள்.

ஜெபம் முடிய 1.35. உபவாசம் முடித்தவர்களுக்கு டீ போட்டேன். அந்த நேரத்தில் மைனி பெட்டியைத் திறந்து குழாய்க்கு எண்ணெய் பூசினாராம். நான் அடுக்களையில் இருந்தேன். பிறகு இன்னொரு தடவை டீ போட்டேன். யாரும் கேட்கவில்லை. பால் மிச்சம் இருந்தது.

கிளம்பியது 2.25. கூரியரில் கொடுத்தது 2.55. மூன்று மணிக்குள். என் மேல் குற்றம் இல்லை.

ஜூன் 24, சனி

அத்தானுக்குத் தலைவலி. எழுந்திருக்கவே இல்லை. படுத்திருப்பவர் விழமாட்டார். 0.

ஜூலை 6, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து போன். "குழாய் மேல பேர் அழிஞ்சிருக்காம்மா, ஏதோ எண்ணெய்ப் பிசுக்காம். ஐஸும் உருகியிருக்கு. யாரோடதுன்னு தெரியாம அவங்க சோதிக்க மாட்டாங்க. மறுபடி எடுக்கணும்."

பேனா மை சரியில்லை. இந்தக் காலத்து மை.

மைனிக்குச் சொன்னேன். "ஆண்டவர் தடுத்துட்டாரு பாத்தியா! அந்த ஊசி அவருக்குச் சித்தம் இல்ல!" என்றார். ஆண்டவர் எப்போது என் வீட்டு டீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூடியைத் திறந்தார் என்று கேட்கவில்லை.

செய்தி கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் பாவம். எழுதவில்லை.

ஜூலை 7, வெள்ளி

காலை மாத்திரைக்கு வாந்தி. துடைத்து, வாய் கொப்பளிக்க வைத்து, சாய்த்து உட்கார வைத்தேன். அத்தான்தான் ஆரம்பித்தார்.

"அக்காதான பூசுனா?"

"ஆமா."

"எனக்குத் தெரியும். குழாய்க்கே… ஞானஸ்நானம் குடுத்துட்டிய."

"பெட்டி மூடியை நாந்தான் திறந்து பிடிச்சுக்கிட்டு இருந்தேன், அத்தான்."

சொல்லிவிட்டேன். 23ஆம் தேதிப் பக்கத்தில் நான் அடுக்களையில் இருந்ததாக இருக்கிறது. அது பிழை. டீ போட்டது உண்மை. மூடியைப் பிடித்தது அதற்கு முன்னால்.

அவர் என்னையே பார்த்தார். பார்த்தார் என்றால், என் தலைக்குக் கொஞ்சம் மேலே. இப்போது அவ்வளவுதான் முடிகிறது.

"வீட்ல மொத்தம் எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி அஞ்சு நிமிஷம்."

"ஜங்ஷனுக்கு… அரை மணி நேரந்தான."

"ஆமா."

"பயந்துட்டியாட்டி?"

"டீ போட்டேன்" என்றேன். "ரெண்டு தடவ."

அவர் முகம் சிரித்து எட்டு மாதம் ஆகிறது. இன்றும் சிரிக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. நான் அழுகிறார் என்று நினைத்துப் பதறிப்போய்ப் பிடித்தேன். இல்லை, சிரிப்புதான். இருமல் வந்து நிற்கும்வரை சிரித்தார்.

"இன்னொரு ஊசி எனக்கு. பரவால்ல. ஆனா இந்தத் தடவ… கோட்டத் தாண்டாம ஓடணும். கேட்டியா?"

"கேட்டேன்."

"சத்தமா."

"எஸ் சார்" என்றேன். நாற்பது வருஷத்தில் முதல் தடவை.

ஜூலை 11, செவ்வாய்

இரண்டாவது ஊசி. முதுகில் மூன்று இடத்தில் குத்தித்தான் கிடைத்தது. மூன்றும் என் கணக்கில்.

கொண்டுபோகும் ஆள் இருந்தார். ஆனாலும் நானே கொண்டுபோகிறேன் என்றேன். 10.40க்கு ஆட்டோ ஏறினேன். மைனி ஐந்து தடவை போன் செய்தார். எடுக்கவில்லை. எங்கள் தெரு முனை வந்தபோது ஆட்டோக்காரரிடம், "நிக்காதீங்க, போங்க" என்றேன். அவர் நிற்கவே இல்லை. பாவம், ஒன்றும் புரியாமல் திரும்பிப் பார்த்தார். 11.25க்குக் கொடுத்து ரசீது வாங்கினேன்.

திரும்பி வந்து, டாக்டர் மேஜையில் நீள நோட்டை வைத்தேன்.

"என்னம்மா இது?"

"கணக்கு. ஜூன்ல கேட்டீங்கல்லா."

டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அவசரமே இல்லை. மொத்தம் 40. முப்பத்தாறு பின்பக்கம். மூன்று பக்கவாட்டில். ஒன்று என் மேல். கடைசிப் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"இந்தப் பதினேழு ஞாயிறு?"

"அது பாவக் கணக்கு, டாக்டர். ஜெபத்துல தலை குனியாதது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, அவருக்குக் கழுத்து முன்னால வளையாது. கண்ணு கீழ இறங்காது. அவர் குனியாம இல்ல. குனிய முடியல."

நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடெல்லாம் அடிமட்டம் வைத்துப் போட்டது. மிகவும் சுத்தமான நோட்டு.

"இதை ஜூன்லயே குடுத்திருந்தீங்கன்னா…" என்று ஆரம்பித்து டாக்டர் நிறுத்திக்கொண்டார். அது அவருடைய நல்ல குணம். மிச்சத்தை நானே முடித்துக்கொண்டேன்.

ஜூலை 14, வெள்ளி

மைனி வந்தார். தனியாக. வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று, "நான் பூசுனதாலயா கிருபை தம்பிக்கு ரெண்டாவது ஊசி?" என்று கேட்டார். எழுபத்திரண்டு வயது. கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"இல்ல மைனி. பேனா மை சரியில்ல."

எண்ணெய்க் குப்பியைத் திறக்காமலே போனார். அந்த மையால் யாருக்காவது ஒரு பிரயோஜனம்.

ஜூலை 22, சனி

42. இரண்டும் பின்பக்கம். இப்போது அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே நடக்கிறேன். நிழல் மாதிரி என்று சொல்லலாம். நிழலுக்கு இடுப்பு வலிக்காது.

ஆகஸ்ட் 3, வியாழன்

டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். ஜூலையில் நான் சொன்ன தயிர் உவமையை ஞாபகம் வைத்திருந்தார்.

"தயிர் தோயலம்மா. நரம்பு நாரும் இருக்க வேண்டியதைவிட மூணு மடங்கு. நான் கண்ணால பாத்ததும், உங்க நோட்டும், இதுவும் ஒரே பக்கம் கை காட்டுது. இது பார்க்கின்சன் இல்ல. மாத்திரை கேட்காத அந்த ஜாதி. பி.எஸ்.பி.ன்னு சொல்லுவாங்க."

"எத்தன வருஷம்?" என்றார் அத்தான். இந்த வாக்கியம் மட்டும் தடங்கலே இல்லாமல் வந்தது. ரொம்ப நாளாக உள்ளே தயாராக நின்றிருக்க வேண்டும்.

"ஆரம்பத்துல இருந்து ஆறு, ஏழு. சிலருக்குக் கூடவே. உங்களுக்கு ஆரம்பிச்சு ரெண்டு ஆகியிருக்கும். சரியா இத்தனைன்னு யாராலயும் சொல்ல முடியாது சார்."

"சரி. இடைவேள முடிஞ்சிட்டுது." பிறகு, "அந்த மாத்திர?"

"மெதுவா குறைச்சு நிறுத்திடலாம்."

என் பக்கம் கையை நீட்டினார். பரீட்சையில் பாஸான பையன் மாதிரி இருந்தார். இந்த மனிதருக்கு எது கெட்ட செய்தி என்று நாற்பது வருஷமாக எனக்குப் பிடிபட்டதில்லை.

பெங்களூரில் பால் பாலாகவே இருந்ததாம். வீட்டில் நேற்று ஊற்றிய உறை கட்டியாகத் தோய்ந்து, கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாது போல இருக்கிறது. ஆண்டவரே, உமக்கு விலாசம் தவறிவிட்டது. பெங்களூர் என்று தெளிவாகத்தான் பதினான்கு பேரும் சொன்னார்கள்.

தயிரைத் தொடவில்லை. பொன்மணிக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

மாத்திரை அரையாகி மூன்று நாள். வாந்தி 0. விழுங்கும் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் வந்து போனாள். இனி ரசம் தண்ணீராக இருக்கக் கூடாது, கஞ்சி மாதிரிக் கெட்டியாக இருக்க வேண்டுமாம். நாற்பது வருஷம் என் ரசம் கெட்டி என்று குறை சொன்னவர், "இப்பவாவது… உன் ரசத்த டாக்டரே ஒத்துக்கிட்டாவ" என்றார்.

காலையில் புறப்படும் முன் நீள நோட்டை எடுத்துப் பதினேழு ஞாயிறையும் கோடு போட்டு அடித்தேன். அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு அது. இதுவரை.

கோயிலில் ஐயர், "தலை வணங்கி ஜெபிப்போம்" என்றார். எல்லோரும் குனிந்தார்கள். நான் குனியவில்லை. அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் பார்க்கும் பக்கமே நிமிர்ந்து பார்த்தேன். அங்கேயும் ஆண்டவர் இருப்பார் அல்லவா. என் ஜெபம் சின்னது, எழுதவில்லை.

அத்தான் என் கையை அழுத்தினார். மெல்ல, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"மூணாவது… ஃபேன். ஆடுது பாரு. போல்ட்டு லூசு."

ஆடியது. ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பி ஒரு விரற்கடை நகர்ந்து திரும்பியது.

"எப்பம் இருந்து?"

"ஈஸ்டர்ல… இருந்து. சொல்லணும்னு பாக்கேன். ஜெபம் முடியதுக்குள்ள… வார்த்த வரல."

தலை குனிந்த இத்தனை பரிசுத்தவான்களில் ஒருவருக்கும் தெரியாது. அதற்கு நேர் கீழே யார் உட்காருவது என்று பார்த்தேன். மைனி. முக்காட்டை இழுத்துவிட்டு, கண்ணை இறுக்க மூடி, உதடு துடிக்க எங்களுக்காகத்தான் ஜெபித்துக்கொண்டிருந்தார்.

ஆமென் சொல்லும்வரை நான் காத்திருக்கவில்லை. நடு ஜெபத்தில் எழுந்து போய், அவரைத் தோளைத் தொட்டு எழுப்பிக் கூட்டிவந்து எங்கள் பெஞ்சில் உட்கார வைத்தேன். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இந்தத் தடவை எண்ணவில்லை. கமிட்டிச் செயலாளரிடம் சொன்னேன், ஃபேனை நிறுத்தினார்கள்.

"என்னத்துக்குட்டி?" என்றார் மைனி கிசுகிசுப்பாக.

"உங்க தம்பி பாத்துச் சொன்னாவ" என்றேன்.

மைனி நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார். அத்தானைப் பார்த்தார். பிறகு ஜெபம் முடியும்வரை அவரும் தலை குனியவில்லை.

இன்று விழுந்தது: யாரும் இல்லை. ஃபேன் உட்பட.